தொடரிணைப்பும் பக்கவிணைப்பும்

மின்தடைகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்தல் பற்றிய கணக்கு, பௌதிக நூல் பயிலும் மாணாக்கர் யாவரும் தொடக்கத்திலேயே கற்பதொன்றாம். கற்றும், அதன் உட்பொருளை உணராது வாய்பாட்டை மட்டும் மனனஞ் செய்வார் பலர். ஆகலின் அவ்விஷயத்தைச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தோம்.

ஆராதனை முடிந்து ஆலயத்தினின்று சனங்கள் வெளியேறுதலை நினைத்துக்கொள்வோம். ஒரு குறுகிய வாயிலைக் கடந்தபின் மற்றொன்றையும் கடந்தே தெருவை அடைய வேண்டுமாயின் நெருக்கடி மிகும். அவ்விரு வாயில்களும் ஒரே சுவரில் அருகருகே அமைந்திருப்பின் கூட்டம் விரைவிற் கலையும். இரண்டாம் வாயில் எத்துணைக் குறுகியதாயினும், அஃது உதவுமேயன்றித் தடுக்காது. மின்னோட்டத்தின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே.

கேயார்க் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். 6 ஓம், 3 ஓம் தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பின் மொத்தம் 9 ஓம். 18 வோல்ட் மின்கலவடுக்கு 2 ஆம்பியர் ஓட்டத்தைச் செலுத்தும். முதற்றடை ஓட்டத்திற் சிறிதை உண்டுவிட, எஞ்சியதே அடுத்ததற்குக் கிட்டும் என்பது மாணாக்கரிடை வேரூன்றிய பிழை. அம்மீட்டரை அச்சுற்றில் எவ்விடத்துச் சேர்ப்பினும் 2 ஆம்பியரே காட்டும். பங்கிடப்படுவது அழுத்தமே, முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 6 வோல்ட். பக்கமாக இணைப்பின் ஒவ்வொன்றும் 18 வோல்ட்டையும் முழுமையாகப் பெறும்; 3 ஆம்பியரும் 6 ஆம்பியரும் தனித்தனி ஓடி, மொத்தம் 9 ஆம்பியராகும். எனவே கூட்டுத்தடை 2 ஓம். இது சிறிய தடையினும் சிறிதாதல் காண்க. விடை அவ்வாறு வாராதேல், மேற்கொண்டு எழுதாது கணக்கை முதலிலிருந்து தொடங்குதல் நலம்.

இனி ஒரு வினா. 230 வோல்ட்டுக்குரிய 100 வாட், 40 வாட் இழைவிளக்குகள் இரண்டைத் தொடராக இணைத்தால் எது மிக்கொளிரும்? நூறே என்பர் பலர். அன்று. 100 வாட் விளக்கின் தடை 529 ஓம். 40 வாட் விளக்கினது ஏறத்தாழ 1,320 ஓம். ஓட்டம் இரண்டிற்கும் ஒன்றேயாகலின், தடை மிக்கதிலேயே வெப்பமும் மிகும். நாற்பது ஒளிரும்; நூறு மங்கும். உண்மையில் இவ்வேற்றுமை கணக்கிற் காண்பதினும் பெரிது. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை மிகவும் தாழ்ந்துவிடுமன்றோ?

இவ்விதிகளை விளக்குகளுக்குப் பொருத்துவதில் வல்லுநரும் தடுமாறியதுண்டு. முற்காலத் தெருவிளக்குகளாகிய வில்விளக்குகள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டன. வீடுகளுக்கு இது பயன்படாது. ஒருவர் விளக்கணைத்தால் ஊரே இருளும். பக்கவிணைப்போ பெருஞ்செலவினது எனக் கருதப்பட்டது. 1879-இல் பிரித்தானிய மின்வினைஞர் வில்லியம் பிரீஸ், மின்னொளியைப் பல சிறு விளக்குகளாகப் பகிர்தல் ஆகாத காரியமென முடிவு கூறினார்.

எடிசன் கண்ட வழி விளக்கின் தடையை உயர்த்துதல். 1 ஓம் விளக்குகள் 100 பக்கமாக இணைந்தால் கூட்டுத்தடை 0.01 ஓம். கம்பியின் தடை அதிற் பத்திலொரு பங்காக வேண்டின், 0.001 ஓமுக்கு மேற்படலாகாது. அதற்குத் தூண்போற் பருத்த செம்புக்கம்பி வேண்டும். விளக்கொன்று 100 ஓம் ஆயின் கூட்டுத்தடை 1 ஓம், கம்பி 0.1 ஓம் இருக்கலாம். அதே தூரத்திற்குச் செம்பு நூற்றிலொரு பங்கே போதும். மெல்லிய கரியிழை அத்தடையைத் தந்தது. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்தினின்று அவ்விளக்குகள் பக்கவிணைப்பில் எரிந்தன.

நம் விடுதி அறைகளிலும் இணைப்பு அதுவே. அதனாலேயே ஓர் எச்சரிக்கை. 5 ஆம்பியர் பிளக்கில் 1,000 வாட் மின்னடுப்பைச் சேர்ப்பின் ஓட்டம் 4.3 ஆம்பியர். அதே பிளக்கில் 750 வாட் இஸ்திரிப்பெட்டியையுஞ் சேர்ப்பின் கூட்டுத்தடை குறைந்து, ஓட்டம் 7.6 ஆம்பியராகும், சுவருட் கம்பி சூடேறும். சுற்றிற் தொடராக அமைந்த பியூஸ் கம்பி உருகி ஓட்டத்தை நிறுத்துவது இதற்காகவே. அஃது அடிக்கடி உருகுகின்றதென்று தடித்த செம்புக்கம்பியை அவ்விடத்திற் சுற்றிவைப்பார் சிலர். அப்பால் உருகுவதற்கு எஞ்சியிருப்பது சுவருட் கம்பியே.