புகையிலைப் பழக்கமும் ஆயுள் காப்பீடும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலருக்குக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பீடிக்கட்டும் சிகரெட்டும் இருக்கின்றன. விற்பவரே பிடிப்பவராக இருப்பதும் உண்டு. மொத்தக் கடைப் பாக்கி, வங்கிக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பொறுப்புகள் இருப்பதால் ஆயுள் காப்பீடு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. படிவத்தில் 'புகையிலை உபயோகிப்பவரா?' என்ற கேள்வி வரும்போதுதான் கை தயங்குகிறது. "இல்லை என்று போட்டு விடலாம், பிரீமியம் குறையும்" என்று முகவரும் சில சமயம் சொல்லி விடுகிறார்.

புகையிலை என்றால் சிகரெட் மட்டும் என்று எண்ண வேண்டாம். பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவையும் இதில் சேரும். எல்.ஐ.சி. 2019-ல் கொண்டு வந்த டெக் டெர்ம், ஜீவன் அமர் திட்டங்களில் புகைப்பவருக்கு ஒரு கட்டணம், புகைக்காதவருக்கு ஒரு கட்டணம் என்று வைத்தனர். குறைந்த கட்டணம் வேண்டுமானால் சிறுநீரில் கோட்டினின் சோதனை செய்ய வேண்டும். நிக்கோட்டின் ஈரலில் மாறி உண்டாவதே கோட்டினின். நிக்கோட்டின் சில மணி நேரத்தில் குறைந்து விடும். கோட்டினின் சில நாட்கள் தங்கும். பழக்கத்தை விடுவதற்காக மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கமும் சோதனையில் தெரியும். ஒரு நாள் பீடியைத் தொடாமல் போய்ச் சோதனை கொடுத்தால் தப்பி விடலாம் என்பது வீண் கணக்கு.

சோதனை இல்லாத பாலிசியில்தான் ஆபத்து அதிகம், ஏனெனில் உண்மை வெளிவருவது கிளெய்ம் வரும்போதுதான். காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 45-ஆம் பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், முக்கியமான உண்மையை மறைத்ததாகக் காட்டிக் கம்பெனி மறுக்கலாம். மோசடி இல்லாத தவறான தகவல் என்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் குடும்பம் எதிர்பார்த்த தொகை வராது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'இருபது வருடமாகப் பீடி' என்று டாக்டர் எழுதிய ஒரு வரி போதும்.

'படிவத்தை முகவர் நிரப்பினார், நாம் கையெழுத்து மட்டும் போட்டோம்' என்ற சமாதானமும் எடுபடாது. வேறு பாலிசி இருந்ததைச் சொல்லாமல் விட்ட ஒரு வழக்கில், கையெழுத்திட்டவர் படிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

நம் உறுப்பினர்கள் இன்னொன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். வியாபாரம் மந்தமான மாதங்களில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தால், அந்த மூன்று ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். அப்போது கேட்கும் உடல்நல உறுதிமொழியிலும் உண்மையே எழுத வேண்டும்.

கூடுதல் கட்டணம் எவ்வளவு பெரிய சுமை? ஒரு பேச்சுக்கு, வருடம் ரூ.10,000 ஆகும் இடத்தில் ரூ.15,000 ஆவதாக வைத்துக் கொள்வோம். வித்தியாசம் நாளொன்றுக்கு 14 ரூபாய்க்குள் அடங்கும். தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டு விட்டது. பழக்கத்தை விட்டவர்கள், எத்தனை மாதம் கழித்துப் புகைக்காதவராகக் கருதுவார்கள் என்பதைக் கம்பெனியிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். பல இடங்களில் குறைந்தது 12 மாதம் கேட்கிறார்கள். பெரிய பாலிசிக்கு இப்போது வசதி இல்லாதவர்கள், வங்கிக் கணக்கு மூலம் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேரலாம். சேரும் வயது 18 முதல் 50 வரை, வருட பிரீமியம் ரூ.436, காப்பீடு ரூ.2 லட்சம். இதில் புகைப்பவருக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதற்கு முன்மொழிவுப் படிவத்தின் நகல் தேவைப்படும் என்பதால், பாலிசி வந்த அன்றே அதை எடுத்துக் கடைக் கணக்குப் புத்தகங்களோடு பத்திரப்படுத்தி, இருக்கும் இடத்தை வீட்டில் சொல்லி வையுங்கள்.