டி.வி.டி. பார்க்கத் தனி கார்டு வேண்டுமா?

கேள்வி: வீட்டுக்குப் புதிதாக அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில் டி.வி.டி. டிரைவ் இல்லை. அக்காவின் கல்யாண வீடியோ, பழைய படங்கள் என்று ஒரு பெட்டி நிறைய டி.வி.டி.கள் இருக்கின்றன. சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் படம் பார்ப்பதற்கென்றே ஒரு கார்டு செருகியிருந்தார். டிரைவ் மட்டும் வாங்கினால் போதுமா, அந்தக் கார்டும் வேண்டுமா?

பதில்: டிரைவ் போதும். கார்டு வேண்டாம். ஆனால் சித்தப்பா அந்தக் கார்டுக்குச் செலவழித்தது வீண் இல்லை. 1998 வாக்கில் அது இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் டி.வி.டி. பார்ப்பது பெரும்பாடு.

டி.வி.டி.யில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர் பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் 720×576 புள்ளிகள். சுருக்கியதை விரித்து, ஒலியோடு பொருத்தி, தாமதமில்லாமல் திரைக்கு அனுப்ப வேண்டும். அன்றைய 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் இந்த வேலையில் திணறியது. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று படம் திக்கித் திக்கி ஓடியது.

அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வந்தவைதான் டீகோடர் கார்டுகள். கிரியேட்டிவ் நிறுவனம் என்கோர் என்ற பெயரில் டிரைவையும் கார்டையும் ஒரே பெட்டியில் விற்றது. சிக்மா டிசைன்ஸ் நிறுவனத்தின் ஹாலிவுட் பிளஸ் இன்னொரு பிரபலமான கார்டு. இவற்றைப் பொருத்தும் விதமே வேடிக்கையாக இருக்கும். கார்டைப் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகிய பிறகு, கேபினட்டின் பின்பக்கம் கிராபிக்ஸ் கார்டிலிருந்து ஒரு குட்டைக் கேபிளை எடுத்து டீகோடர் கார்டில் மாட்ட வேண்டும். மானிட்டரின் வயர் டீகோடர் கார்டிலிருந்துதான் போகும். கம்ப்யூட்டர் வரைந்த திரையின் நடுவே கார்டு தன் படத்தைச் சேர்த்து அனுப்பும். டி.வி.க்கு நேரடியாகப் படம் கொடுக்கவும் அதில் வழி இருந்தது; கார்டுக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் அதற்காகவே கொடுத்தார்கள்.

ஓரிரு ஆண்டுகளில் நிலைமை மாறியது. பிராசஸர்கள் வேகமெடுத்தன, எம்பெக்-2 வேலையில் ஒரு பங்கைக் கிராபிக்ஸ் சிப்புகளும் ஏற்றுக்கொண்டன. பவர் டி.வி.டி., வின் டி.வி.டி. போன்ற மென்பொருள்களே போதும் என்று ஆனது. இன்று கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பிராசஸர்கூட இந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யும்.

டிரைவ் வாங்கப் போகுமுன் கேபினட்டின் முன்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. இப்போது வரும் கேபினட்டுகள் பலவற்றில் பெரிய டிரைவுக்கான இடமே இருப்பதில்லை. இடம் இருந்தால் சாட்டா டிரைவ் வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் அகலமான பவர் வயர் ஒன்று, மதர்போர்டிலிருந்து மெல்லிய டேட்டா கேபிள் ஒன்று, அவ்வளவுதான். இரண்டின் முனையும் ‘ட’ போல ஒரு பக்கம் மடங்கியிருப்பதால் தலைகீழாக மாட்ட முடியாது. போகவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ விஷயத்தில் கவனம் தேவை. ஹார்ட் டிஸ்குக்கு வரும் ஸ்க்ரூவின் மரை வேறு, டி.வி.டி. டிரைவின் மரை வேறு. கையில் கிடைத்ததை முறுக்கினால் மரை போய்விடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பட்டையான ரிப்பன் கேபிள் டிரைவைக் கழற்றிக்கொண்டு வருவதிலும் பயனில்லை. அதை மாட்டப் புதிய மதர்போர்டில் இடம் கிடையாது.

கேபினட்டில் இடம் இல்லையென்றால் யூ.எஸ்.பி. டிரைவ். லேப்டாப்புக்கும் அதுவே உதவும் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி. தட்டு சுழன்று சுழன்று நின்றுபோனால் டிரைவ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முன்பக்க யூ.எஸ்.பி.யிலோ பவர் இல்லாத ஹப்பிலோ மாட்டியிருந்தால் மின்சாரம் போதாமல் இருக்கலாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள யூ.எஸ்.பி.யில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

டிரைவைச் சரியாக மாட்டியும் படம் ஓடவில்லை என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் டிரைவ் அல்ல. விண்டோஸ் 8-இலிருந்து டி.வி.டி. படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளை நிறுவினால் படம் ஓடும். கல்யாண வீடியோவில் யாராவது கையசைக்கும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், அது தட்டின் குறை இல்லை. பழைய டி.வி.க்காக ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்து எடுத்த படம் அது. வி.எல்.சி.யின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் கோடுகள் மறையும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணன் அங்கே வாங்கிய ஆங்கிலப் பட டி.வி.டி.களைக் கொண்டுவந்திருக்கிறார். அவற்றைப் போட்டால் மண்டலத்தை மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டர் கேட்கிறது. மாற்றலாமா?

பதில்: அவசரப்படக் கூடாது. படக் கம்பெனிகள் உலகைப் பங்கு பிரித்து எண் கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவும் கனடாவும் 1, பிரிட்டன் 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியாவும் இலங்கையும் 5. டிரைவின் மண்டலத்தை 5 முறை மட்டுமே மாற்ற முடியும். கடைசியாக எதில் நிறுத்துகிறோமோ, டிரைவ் அதிலேயே பூட்டிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் எண்ணிக்கை திரும்பி வராது, ஏனென்றால் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் எத்தனை முறை மிச்சம் என்பதை டிவைஸ் மேனேஜரில் பார்க்கலாம். அண்ணனின் தட்டுகள் நிறைய இருந்தால் அவற்றுக்கென்று ஒரு யூ.எஸ்.பி. டிரைவை 1-இல் வைத்துவிடுவது நிம்மதி. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வெளியிட்ட தட்டுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வட அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை பற்றியும் கவலை வேண்டாம். கம்ப்யூட்டர் திரை அதையும் நம் பால் முறையையும் காட்டும்.

கேள்வி: மகனின் காதுகுத்து டி.வி.டி. பாதியில் நின்றுவிடுகிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: முதலில் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து கேடு கூடும். பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த தட்டில் படம் பதிந்திருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் வெக்கையும் அதைக் கெடுக்கும். ஆகவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத் தட்டுகளை இந்த வாரமே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். தட்டைத் திறந்து, வீடியோ டி.எஸ். என்ற ஃபோல்டரை அப்படியே முழுதாக ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தால் போதும். ஒரு தட்டுக்கு 4.7 ஜி.பி.க்கு மேல் போகாது, இரட்டை அடுக்குத் தட்டு என்றால் 8.5 ஜி.பி. அந்த ஃபோல்டரை வி.எல்.சி. தட்டைப் போலவே மெனுவோடு ஓட்டும். இன்னொரு பிரதியை வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வைக்கலாம்.