மேல்மாடி அறைக்கு ஆள் வந்தபோது

2023 இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடிந்தது. நாங்கள் கையெழுத்து வைத்தபோது 0.1 வீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி, இரண்டே ஆண்டில் 5.25 வீதமாகியிருந்தது. கிழக்கு லண்டனில் மூன்று அறை வீடு. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இருவரையும் ஒரே அறைக்குள் விட்டு, மற்றதை வாடகைக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்தோம்.

“ஊர்ப் பெடியன்தான், தெரிஞ்ச ஆக்கள் சொல்லித்தான் வாறான்” என்றார் கணவர். யாருக்குத் தெரிந்த ஆள் என்று நான் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு போனேன். மூன்றாவது அழைப்பில் போய் நின்றவர், அந்தத் தம்பியைப் பத்து வயதில் ஒரு கலியாண வீட்டில் கண்டவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நல்ல குடும்பம் என்ற சொல் மட்டும் கை மாறி வந்திருக்கிறது.

ஆகவே தம்பி அதுவரை இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவின் இலக்கத்தை அவரிடமே கேட்டு வாங்கினேன். அந்த அம்மாவிடம் வாடகை ஒழுங்காகக் கட்டுவாரா என்று மட்டும் கேட்கவில்லை. “உங்கட வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா, இவருக்குத் திருப்பி அறை குடுப்பீங்களோ அக்கா?” என்று கேட்டேன். யோசிக்காமல் “ஓம்” என்றார். ஒரு நொடி தயங்கியிருந்தாலும் நான் அறையைக் கொடுத்திருக்க மாட்டேன். நீங்களும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

குற்றப் பதிவைக் காட்டும் அடிப்படை டிபிஎஸ் சான்றிதழுக்கு யாரும் தமக்காகத் தாமே விண்ணப்பிக்கலாம். தம்பி முகம் சுளிக்காமல் எடுத்துத் தந்தார். ஆனால் இங்கு படிக்க வந்து ஒரு வருடமான ஒருவரின் சான்றிதழ் ஊரில் நடந்ததைச் சொல்லாது. காலாவதியாகாத தண்டனைகளை மட்டுமே அது காட்டும். அதைவிட முக்கியமான ஒன்றை நான் பிந்தித்தான் அறிந்தேன். 2000இல் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் பெயரால் ‘சாராவின் சட்டம்’ என்று சொல்லப்படும் ஏற்பாடு, 2011 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் இருக்கிறது. உங்கள் பிள்ளையோடு பழகும் ஒருவருக்குப் பிள்ளைகள் தொடர்பான குற்றப் பின்னணி உண்டா என்று பெற்றோர் பொலிஸிடம் கேட்கலாம். பிள்ளையைக் காக்கத் தேவை என்று கண்டால் சொல்வார்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

காசு, கடுதாசி விஷயம் சுருக்கமாக: வீட்டில் நாமும் இருந்துகொண்டு அறை விட்டால் வருடம் 7,500 பவுண் வரை வரியில்லை. அதாவது மாதம் 625. பில்லுக்கென்று வாங்கும் காசும் அதற்குள் அடங்கும். கணவனும் மனைவியும் வாடகையைப் பங்கிட்டால் ஆளுக்கு 3,750. கடன் தந்த வங்கிக்கும் வீட்டுக் காப்புறுதிக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். விசா பார்க்காமல், வாடகைக்கு இருக்க உரிமையில்லாத ஆளை வைத்தால், 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே 5,000 பவுண் வரை தண்டம். உடன்படிக்கையை எழுத்தில் வையுங்கள், விலகுவதற்கான அறிவித்தல் காலமும் அதில் இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது ‘மாமா’ என்ற சொல். வந்த அன்றே என் மாமியார், “மாமாக்கு ஒரு கொஞ்சு குடுங்கோ பிள்ளை” என்று மகளைத் தள்ளினார். மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள். நம் வீடுகளில் ஒருவரை மாமா என்று கூப்பிட்ட கணமே மடியும் தோளும் அறைக் கதவும் திறந்துவிடுகின்றன. அந்த உரிமையை அவர் கேட்கவில்லை, நாம்தான் கொடுக்கிறோம். அன்றிரவு மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன்: “மாமா எண்டு கூப்பிடட்டும் மாமி, மரியாதைதானே. ஆனா கொஞ்சுறதும் மடியில இருக்கிறதும் பிள்ளை விரும்பினாத்தான். அதுவும் எங்களுக்கு முன்னால.” அவருக்கு முதலில் கோபம். இரண்டு நாள் பேசவில்லை.

பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொன்னோம். மாமாவின் அறைக்குள் நீங்கள் போவதில்லை, உங்கள் அறைக்குள் அவர் வருவதில்லை. குளிக்கும்போது கதவு சாத்தியிருக்கும். இந்த வீட்டில் அம்மா அப்பாவுக்குத் தெரியாத இரகசியம் கிடையாது. இதையே தம்பிக்கும் அவர்கள் முன்னால் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “ஐஞ்சு நிமிஷம் பிள்ளையளைப் பாருங்கோ தம்பி” என்று சொல்லி ஒருநாளும் கடைக்கு ஓடியதில்லை. அவர் வாடகை கட்டுகிறவர், பிள்ளை பார்க்க வந்தவர் அல்ல. வீண் பழி வராமல் அது அவருக்கும் காப்பு.

இவ்வளவும் யோசித்த நான் மருந்தைப் பற்றி யோசிக்கவில்லை. சனி இரவு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்துவிட்டு வந்த தம்பி, தலையிடிக்குப் பரசிற்றமோல் போட்டு, மிச்சத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். மகன் உள்ளே நுழைந்துவிட்டான். நான் கண்டபோது கையில் அட்டை, தம்பி போட்டது போக இன்னும் இரண்டு குழி வெறுமை. அளவு மிஞ்சிய பரசிற்றமோல் ஈரலைத் தாக்கும், ஆரம்பத்தில் ஒன்றும் வெளியே தெரியாது. மருத்துவ ஆலோசனைக்கான 111ஐ அழைத்துக்கொண்டே கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். முதலில் ஒரு குளிசை கிடைத்தது, பிறகு மற்றது. தம்பி ஈரத் தலையோடு நின்று அழுதார். பிழை என்னுடையது. சின்னப் பிள்ளைகளோடு இருந்திராத ஒருவருக்கு இதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாளே அவர் அறைக்குப் பூட்டுப் போட்டோம். தீ பிடித்தால் திறப்புத் தேடாமல் உள்ளிருந்து கையால் திறக்கக்கூடிய வகைப் பூட்டு. மருந்து, சவரக் கத்தி, பொத்தான் பற்றரி எல்லாம் அதற்குள். ஞாயிறு காலையில் அவர் தூங்கி முடியும்வரை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது எங்கள் பங்கு.

படிப்பு முடிந்து அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் புதிதாக ஒரு தாதி வந்தார். பெட்டியை உள்ளே வைக்குமுன் மகன் படிக்கட்டில் நின்று அவரிடம் சொன்னான்: “அது உங்கட அறை, நாங்கள் வரமாட்டம். இது எங்கட அறை, நீங்கள் வரேலாது.”

“சரி. அப்ப குசினி?”

கொஞ்சம் யோசித்தான். “குசினி எல்லாருக்கும்.”