தீவு வீடுகளும் வீட்டு ஆய்வாளர் பணியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வீடு கட்டி வாழ்வோர் மூன்று எதிரிகளை எப்போதும் கணக்கில் கொள்ள வேண்டியவர்களாக உள்ளனர். அவை நிலநடுக்கம், உப்புக்காற்று, ஓயாத ஈரம். இவற்றுள் முதலாவது முன்னறிவிப்பின்றி வருவது. மற்ற இரண்டும் நாள்தோறும் மெல்ல மெல்ல வேலை செய்து, முதலாவது வரும் வேளையில் வீட்டை வலுவற்றதாக ஆக்கி வைப்பவை. இந்த மெல்லிய அழிவை உரிய காலத்தில் கண்டறிந்து சொல்லுவதே வீட்டு ஆய்வாளரின் பணி. மேலை நாடுகளில் வீடு வாங்குவோர் இத்தகைய ஆய்வைப் பெரும்பாலும் விலை பேசும் கருவியாகக் கொள்கின்றனர். தீவுகளிலோ இது உயிர்க்காப்பு சார்ந்த பணியாகும்.

நிலநடுக்கம் கற்பித்த பாடம்

1941 ஜூன் 26 அன்று அந்தமானைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் செல்லுலார் சிறையின் பகுதிகள் உட்படப் பல செங்கற் கட்டடங்கள் சேதமுற்றன. 2002 செப்டம்பர் 14 அன்று வடக்கு அந்தமானில் திக்லிபூர் பகுதியில் 6.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே தொடங்கி நிக்கோபார், அந்தமான் வழியாக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் புவியோடு பிளவுற்றது. அதன் அளவு 9.1. அதனைத் தொடர்ந்து எழுந்த சுனாமி தீவுகளில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. இந்தியத் தர அமைவனத்தின் 1893ஆம் எண் தரநிலை, அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், இத்தீவுக் கூட்டம் முழுவதையும் மிகுந்த ஆபத்துக்குரிய ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது.

2002, 2004 ஆகிய இரு நிலநடுக்கங்களுக்குப் பின் தீவுகளைப் பார்வையிட்ட பொறியியல் வல்லுநர்கள் கண்ட உண்மை சிந்தனைக்குரியது. குலுங்கலை மட்டும் எடுத்துக்கொண்டால், பழைய மரச்சட்ட வீடுகள் பொதுவாக நன்கு தாங்கி நின்றன. பிற்காலத்தில் எழுப்பப்பட்ட கான்கிரீட் கட்டடங்கள் பலவற்றில் தூண்களும் இணைப்புகளும் பழுதுற்றன. குற்றம் கான்கிரீட்டினுடையது அன்று. அதைக் கையாண்ட முறையினுடையது. மரவீட்டில் தச்சரின் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. கான்கிரீட்டில் செய்த பிழையோ மேற்பூச்சின் அடியில் மறைந்துவிடுகிறது. மறைந்திருப்பதை வெளியிலுள்ள அறிகுறிகளால் அறிவதற்கே பயிற்சி பெற்ற கண் தேவைப்படுகிறது.

ஆய்வு தொடங்கும் இடம் நிலம்

வீட்டிற்குள் நுழையுமுன் ஆய்வாளர் நிலத்தைப் பார்க்கிறார். 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமட்டம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் இத்தாழ்வு 4 மீட்டரையும் கடந்தது. வடக்கு அந்தமானின் கரைகளோ மேலெழுந்தன. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு அருகில், சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல் ஓதம் புகுந்து நிலைத்துவிட்டது. ஆகவே 2004க்கு முன் கட்டப்பட்ட வீட்டின் பழைய வரைபடத்திலுள்ள தரைமட்டத்தை அப்படியே நம்பிவிட இயலாது. உயர் ஓதத்தின்போது நீர் எங்கு வரை வருகிறது, மழைநீர் எவ்வழி வடிகிறது, பின்புறச் சரிவை வெட்டி வீடு அமைத்திருந்தால் மண்ணைத் தாங்கும் சுவர் சாய்ந்துள்ளதா, அச்சுவரில் நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்பன முதலில் எழும் வினாக்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலப்பகுதியில் இவ்வினாக்களைத் தள்ளிவைக்க முடியாது.

கம்பியும் கான்கிரீட்டும்

அடுத்துக் கவனிக்கப்பெறுவது கான்கிரீட். நல்ல கான்கிரீட் தன் காரத்தன்மையால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டியதும் அக்காப்பு உடைகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பது. அது வீங்கும்போது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. கம்பியின் நெடுக்கே ஓடும் மெல்லிய விரிசல், பழுப்புக் கறை, உதிரும் மேற்பூச்சு ஆகியன இதன் அடையாளங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது கெட்டியான ஒலிக்கு மாறாகப் பொள்ளல் ஒலி எழுமாயின், உள்ளே கான்கிரீட் பிரிந்துள்ளது என்பது பொருள்.

இதற்குத் தீவுகளில் தனிக் காரணமும் உண்டு. நெடுங்காலமாக இங்கே கட்டுமானத்திற்குக் கடற்கரை மணலே எடுக்கப்பட்டு வந்தது. கழுவப்படாத கடல்மணல் கான்கிரீட்டிற்குள்ளேயே உப்பைக் கொண்டு சேர்க்கிறது. கம்பியுள்ள கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்குக் குளோரைடு 0.6 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று 456ஆம் எண் தரநிலை வரையறுக்கிறது. கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002 மே 7 அன்று ஆணையிட்டது. அது சூழலைக் காக்கும் நோக்கில் பிறந்த ஆணை. எனினும் அதற்கு முன் எழுந்த வீடுகளில் கலந்துவிட்ட மணல் அங்கேயே உள்ளது. எனவே வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது, மணல் எங்கிருந்து வந்தது என்று உரிமையாளரிடம் கேட்டறிவதும் ஆய்வின் ஒரு பகுதியாகிறது.

கம்பியின்மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் போர்வையின் கனத்தையும் ஆய்வாளர் கருவியால் அளக்கலாம். அதே தரநிலையின்படி, மிதமான சூழலில் இது 30 மில்லிமீட்டர். கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர். கடல்நீர்த் திவலை படும் பரப்புகளுக்கு 50 மில்லிமீட்டர். சமவெளி ஊரில் பழகிய கொத்தனார் அதே பழக்கத்தைக் கடலோரத்தில் பின்பற்றினால், சில ஆண்டுகளிலேயே கம்பி வெளியே தலைகாட்டும்.

விரிசலின் மொழி

விரிசல் அனைத்தும் ஆபத்தானவை அல்ல. மேற்பூச்சு உலரும்போது வலைபோல் தோன்றும் நுண்கீறல்கள் அழகைக் கெடுப்பவை மட்டுமே. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி மேலே போகப் போக அகலும் விரிசல், கடைக்கால் ஒருபுறம் இறங்குவதைக் காட்டக்கூடும். இரு சன்னல்களுக்கு இடையேயுள்ள சுவரில் பெருக்கற்குறிபோல் குறுக்கிடும் விரிசல் நிலநடுக்கம் விட்டுச் சென்ற தடமாகும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, சில திங்கள் கழித்து மீண்டும் பார்த்தால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது விளங்கிவிடும். வளரும் விரிசலைச் சாந்து பூசி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பானது.

கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களின்மேல் நிறுத்தி, வண்டி நிறுத்தவோ கடை வைக்கவோ விடும் அமைப்பைக் குறித்து ஆய்வாளர் சிறப்பாக எச்சரிக்க வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் இத்தகைய அடுக்குமாடிகள் பல இடிந்தன. தூண்களில் கம்பி வளையங்கள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். அவற்றின் முனைகள் 135 பாகை உள்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும் என்பது 13920ஆம் எண் தரநிலையின் விதி. கட்டி முடித்த வீட்டில் இதனைக் கண்ணால் காண இயலாது. ஆகவே கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்திய நாள் செய்யப்படும் ஆய்வே எல்லாவற்றிலும் மதிப்புமிக்கது.

மரமும் தகரமும்

1883இல் சாத்தம் தீவில் நிறுவப்பட்ட அரசு மரஅறுவை ஆலை தீவுகளின் மரவேலை மரபுக்குச் சான்றாக நிற்கிறது. அந்தமான் படாக் மரத்தின் வைரப்பகுதி கரையானை நன்கு எதிர்ப்பது. ஆனால் அதன் வெளிப்பகுதிக்கும், மற்ற மென்மரங்களுக்கும் அந்த ஆற்றல் இல்லை. தூணின் அடி, தரையைத் தொடும் கட்டை, குளியலறையை ஒட்டிய சட்டம் ஆகிய இடங்களில் ஆய்வாளர் கூரிய முனையால் குத்திப் பார்க்கிறார். முனை எளிதில் இறங்கினால் மரம் உளுத்துள்ளது. ஈரமானி 20 விழுக்காட்டிற்கு மேல் காட்டினால் பூஞ்சை பற்றும் வாய்ப்பு உண்டு. சுவரில் ஏறும் மெல்லிய மண்குழாய் கரையானின் பாதை.

தகரக் கூரையில் தகட்டைவிட ஆணியும் கொக்கித் திருகும் முன்னதாகத் துருவேறுகின்றன. புயற்காற்று கூரையைத் தூக்கும்போது எதிர்த்து நிற்பவை இச்சிறு பொருள்களே. சுனாமிக்குப் பின் அரசு தீவுகளில் 9,000க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டித் தந்தது. அவற்றுள் எஃகுச் சட்டங்களைக் கொண்ட வீடுகளுக்கு இணைப்புத் திருகுகளையும் அடித்தட்டுகளையும் காலந்தோறும் பார்த்து வண்ணம் பூசுதல் இன்றியமையாதது. வீட்டைக் கட்டித் தருவதோடு மறுவாழ்வு முடிவதில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மண்ணிணைப்பு முறையாக உள்ளதா, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா என்பன ஆராயப்படுகின்றன. ஈரச்சுவர் மிகுந்த ஊரில் இக்கருவி ஆடம்பரம் அன்று.

பொருளாதாரப் பயன்

சிமெண்டு, கம்பி, தகரம் ஆகியன சென்னை, கொல்கத்தா போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வருகின்றன. அங்கிருந்து கச்சால் போன்ற சிறு தீவுகளுக்கு மீண்டும் ஒருமுறை கப்பலேற வேண்டும். கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. இத்தகைய இடத்தில் ஒரு தூணை மாற்றுவதற்கும், அதன் விரிசலைத் தொடக்கத்திலேயே அடைப்பதற்கும் உள்ள செலவு வேறுபாடு பெரிது.

சட்டப் பாதுகாப்பும் ஓரளவே உள்ளது. 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாள்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அச்சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு ஆணையமே இத்தீவுகளுக்கும் பொறுப்பாக்கப்பட்டது. ஆனால் ஒருவர் தம் மனையில் தாமே கட்டிக்கொள்ளும் வீட்டிற்கு இச்சட்டத்தின் துணை கிட்டுவதில்லை. அத்தகைய குடும்பத்திற்கு ஆய்வறிக்கையே காப்பு.

ஆய்வாளருக்குரிய தகுதிகள்

கட்டுமான அறிவு முதல் தகுதி. அதைவிட இன்றியமையாதது நடுவுநிலைமை. ஆய்வு செய்பவரே பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தையும் ஏற்பாராயின், குறைகள் பெருகித் தோன்றும். விற்பவரிடம் ஊதியம் பெறுவாராயின், குறைகள் சுருங்கித் தோன்றும். நல்ல அறிக்கை, உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, கண்காணித்தால் போதுமானவை எனப் பணிகளைப் பிரித்துரைக்கும். பார்க்க முடியாத பகுதிகள் எவை என்பதையும் மறைக்காமல் கூறும். ஐயம் தோன்றும் இடத்தில் கட்டமைப்புப் பொறியாளரை நாடும்படி அறிவுறுத்தும்.

இந்தியாவில் வீட்டு ஆய்வாளருக்கெனத் தனி உரிமச் சட்டம் இல்லை. எனவே தீவு இளைஞர்களுக்கு இதில் முறையான பயிற்சி அளித்தல் பயனுடையது. டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற உள்ளூர் நிறுவனங்களில் கட்டடப் பொறியியல் பயில்வோர், ஊராட்சிதோறும் பள்ளி, அங்கன்வாடி, குடியிருப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பதிவேடு தயாரிக்கலாம். எந்த வீட்டை முதலில் வலுப்படுத்த வேண்டும் என்பதை அப்பதிவேடு காட்டும்; குறைந்த நிதியும் உரிய இடத்தில் சென்று சேரும்.

நிலநடுக்கத்தின் நாளை எவராலும் குறித்துச் சொல்ல இயலாது. வீட்டின் வலிமையை இன்றே அறிந்துகொள்ள இயலும். ஒரு சுத்தியல், ஒரு விளக்கு, ஓர் ஈரமானி, நேர்மையான கண் ஆகியவற்றைக் கொண்டு அரைநாளில் செய்யக்கூடிய இப்பணி, பேரிடருக்குப் பிந்திய நிவாரணத்தைவிட மிகக் குறைந்த செலவில் முடிவது. தீவுகளின் வளர்ச்சித் திட்டங்களில் புதிய வீடுகளின் எண்ணிக்கைக்குத் தரப்படும் இடம், நின்றுகொண்டிருக்கும் வீடுகளின் நலனுக்கும் தரப்படுதல் வேண்டும்.