நன்றி விருந்தில் நோயாளிக்கும் ஓர் இடம்



அறுப்பின் பண்டிகையும் அசனமும் நெருங்கும் நாள்களில், எங்கள் சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. பண்டிகையன்று என்ன சாப்பிடலாம் என்பது நோயாளியின் கேள்வி. அவரை விருந்துக்கு அழைத்துச் செல்லலாமா, வீட்டிலேயே இருக்கச் சொல்லலாமா என்பது உடன் வருபவரின் கேள்வி. முதல் கேள்விக்கு மருத்துவம் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு விடை காண, விருந்தின் பொருளையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

விருந்தின் பொருள்

தென் மாவட்டங்களின் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை வாசகர் பலரும் அறிவர். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், நெல், கோழி, முட்டை எனத் தத்தம் தோட்டத்திலும் வீட்டிலும் விளைந்தவற்றைக் குடும்பங்கள் கொண்டுவந்து படைக்கின்றன. ஆராதனை முடிந்தபின் அவை ஏலம் விடப்படுகின்றன. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் ஏலத்தில் பன்மடங்கு விலைக்குப் போவதுண்டு. வாங்குபவர் பழத்துக்கு விலை கொடுக்கவில்லை. தாமும் ஒரு காணிக்கை செலுத்துகிறார். அசனம் நடைபெறும் ஊர்களில் அரிசியும் பணமும் வீடுதோறும் சேர்க்கப்பட்டு, பெரிய அண்டாக்களில் சமைக்கப்பட்டு, செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர்.

இவ்வழக்கத்தின் வேர் மிகப் பழையது. அறுவடைத் திருநாளில் யார் யார் விருந்தில் மகிழ வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் 16ஆம் அதிகாரம் ஒரு பட்டியல் தருகிறது. வீட்டுப் பிள்ளைகளோடு வேலையாள்களும், அந்நியரும், திக்கற்ற பிள்ளைகளும், விதவைகளும் அதில் இடம்பெறுகின்றனர். விருந்திலிருந்து எளிதில் விடுபட்டுப் போகக்கூடியவர்களே அங்கு பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றியறிதல் நாளின் வரலாற்றிலும் இதைக் காணலாம். 1620ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் சென்று பிளிமத்தில் குடியேறியவர்கள் ஏறத்தாழ 100 பேர். முதல் குளிர்காலத்தின் நோயிலும் பசியிலும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியவர்கள் 1621ஆம் ஆண்டின் அறுவடைக்குப் பின், அம்மண்ணின் மக்களான வாம்பனோவாக் இனத்தாரோடு மூன்று நாள் விருந்துண்டனர். அந்த விருந்தில் அமர்ந்த குடியேறிகள் பலர் துணையையோ பெற்றோரையோ பிள்ளையையோ இழந்தவர்கள். பின்னர் 1863இல் ஆபிரகாம் லிங்கன் நாடு முழுமைக்கும் ஒரு நன்றி நாளை அறிவித்ததும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில்தான். நன்றி விருந்து நலமாயிருப்பவர்களுக்கு மட்டுமே உரியதன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருவிருந்தைக் குறிக்கும் ‘யூகாரிஸ்ட்’ என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். கிறிஸ்தவர்களின் தலையாய அந்த நன்றி விருந்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு சிறு துண்டு அப்பமும் ஒரு துளி இரசமுமே. அதை யாரும் குறைவான விருந்து என்று சொல்வதில்லை. உண்ணும் அளவு நன்றியின் அளவாகாது.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர், வாரம் இருமுறை எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். பண்டிகை வேலைகளை முன்னிட்டுச் சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அவர் வரவில்லை. ஞாயிறன்று வெயிலில் நின்றபோது இளநீர் பருகினார். தம் தோட்டத்துப் பழங்களைப் பலருக்கும் கொடுத்துத் தாமும் உண்டார். பந்தியில் குழம்பும் பாயசமும் நிறைவாகவே சாப்பிட்டார். நள்ளிரவில் கால்கள் தளர்ந்து, மூச்சு வாங்கும் நிலையில் அவரைத் தூக்கி வந்தனர். அவருடைய இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு 7ஐத் தாண்டியிருந்தது, 3.5 முதல் 5 வரை இருப்பதே இயல்பு. இதயத் துடிப்பும் சீர்குலைந்திருந்தது. உடனடி டயாலிசிஸினால் அவர் பிழைத்தார்.

அடுத்த ஆண்டு அவருடைய குடும்பம் அவரைக் கஞ்சியுடன் வீட்டில் விட்டுவிட்டு அசனத்துக்குச் சென்றது. நாங்களும் அதைச் சரியென்றே எண்ணினோம். அதன்பின் வந்த வாரங்களில் அவர் யாருடனும் பேசவில்லை, உணவைக் குறைத்தார், எடை இறங்கியது. காரணம் கேட்டபோது, கோயில் மணியோசை கேட்டும் போக முடியாமல் படுத்திருந்த அந்தப் பகல்பொழுது மருத்துவமனையில் கழித்த இரவைவிடக் கொடியதாக இருந்தது என்றார்.

பிழை எங்களுடையது. எதைச் சாப்பிடக் கூடாது என்று விரிவாகச் சொன்ன நாங்கள், எப்படிக் கலந்துகொள்வது என்பதைச் சொல்லித் தரவில்லை. கீழ்க்காணும் குறிப்புகள் அதன்பின் நாங்கள் எழுதி வைத்துக்கொண்டவை.

பண்டிகைக்கு முன்னர்

பண்டிகை நாளை ஒரு வாரத்துக்கு முன்பே டயாலிசிஸ் பிரிவுக்குத் தெரிவியுங்கள். இரண்டு டயாலிசிஸுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழும் நாள்களே இதயத்துக்கு மிகவும் ஆபத்தானவை. பண்டிகை பெரும்பாலும் ஞாயிறன்று வருவதால், பலருக்கு அது அந்த இடைவெளியின் நடுவே அமைந்துவிடுகிறது. இயன்றவரை விருந்துக்கு முந்தைய நாளும், அதன்பின் தாமதமின்றியும் டயாலிசிஸ் அமையுமாறு முறைநாளை மாற்றித் தருகிறோம். விருந்துக்காக ஒரு முறையைத் தவறவிடுவது மட்டும் கூடாது.

உங்கள் அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவருக்கும் அடிக்கடி உயர்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

பந்தியில் அமரும்போது

பொட்டாசியம்: நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு ஒரு நாள் முழுமைக்கும் அனுமதிக்கப்படுவது 2,000 முதல் 3,000 மில்லிகிராம் வரைதான். இளநீர், தேங்காய்ப்பால், வெல்லப் பாயசம், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, பலாப்பழம் ஆகியவற்றிலும் அது மிகுதி. தம் கையால் நட்ட வாழையின் பழமே ஒருவருக்குக் கேடாவது வருத்தத்துக்குரியதுதான். அதைப் படைக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தாம் உண்ணுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் சிறிதளவும் உண்ணலாகாது. அது மூளையைப் பாதிக்கும் நச்சாக மாறக்கூடும்.

வீட்டில் காய் சமைப்பவர்கள் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுத் தாளிக்கலாம். பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீரோடு நீங்கிவிடும்.

உப்பும் நீரும்: ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றும் இலையில் இல்லாவிட்டாலே பெரும் சுமை குறையும். உப்பு மிகுந்தால் தாகம் மிகும். தாகம் மிகுந்தால் நீர் உடலில் தேங்கி மூச்சுத்திணறலில் முடியும். குழம்பையும் ரசத்தையும் நீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்புகள் சிலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

கறி: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. ஆகவே சில கறித்துண்டுகளைக் குழம்பிலிருந்து எடுத்துச் சோற்றோடு உண்பது அவர்களுக்கு நன்மையே. டயாலிசிஸ் நிலையை எட்டாத சிறுநீரக நோயாளிகளுக்கோ புரதத்தை அளவாகக் கொள்ளுமாறு கூறுகிறோம். ஒரே இலையில் விழும் ஒரே கறித்துண்டு இருவருக்கு இருவேறு பொருள் தருகிறது. பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்து உணவை முடிவு செய்யாதீர்கள். பாஸ்பேட் அளவைக் கட்டுப்படுத்த மாத்திரை எடுப்பவர்கள், அதை உணவோடு விழுங்கும்படி சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின்: ஆராதனை நீளும், ஏலம் நீளும், பந்தி தாமதமாகும். உணவுக்குமுன் போடும் இன்சுலினை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியில் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதை எப்போது போடுவது என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், மிகுந்த பசி, மயக்க உணர்வு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்துப் பருகுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்குப் பழச்சாற்றைவிட இதுவே ஏற்றது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள்: நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வதால், முதல் பந்தியிலேயே சூடாக உண்பது நன்று. சமைத்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த சோறு, பச்சைக் காய்கறிக் கலவை, நீரின் தூய்மை தெரியாத மோர் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

குடும்பத்தாருக்கு

நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் உணவாகவே பரிமாறப்படுகிறது. வேண்டாம் என்று கை மறைக்கும் இலையில் இன்னும் ஒரு கரண்டி போடுவது நம் உபசரிப்பின் இயல்பு. நோயாளியோ முகம் கோணக் கூடாதென்று உண்டுவிடுகிறார். உறவினர்களிடம் மறுப்புச் சொல்லும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் அருகில் அமர்ந்து அவருடைய இலையைப் பார்த்துக்கொள்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. இதைக் கண்காணிப்பாக அவர் உணராதபடி, நீங்களும் அவருடைய அளவிலேயே உண்ணுங்கள்.

நோய் முற்றியவர்களுக்குச் சில வேளைகளில் பசியே இராது. அவர்களை வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். அருகில் ஒரு நாற்காலி போட்டு அமரச் செய்தாலே போதும்.

நன்றியையும் வற்புறுத்த வேண்டாம். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல் என்று நோயாளியிடம் கூறுவது, அவருடைய வலியை மறுப்பதாக அவருக்குத் தோன்றலாம். துயரமும் நன்றியும் ஒரே மனத்தில் ஒரே நாளில் இருக்க இயலும். நீங்கள் உங்கள் நன்றியை அவரிடம் சொல்லுங்கள். அவர் விரும்பினால் உணவு வேளையின் ஜெபத்தை அவரிடமே ஒப்படையுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

கை, கால்கள் திடீரெனத் தளர்தல், படுத்தால் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, துடிப்பு தாறுமாறாதல், நிற்காத விக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். எங்கள் அவசரப் பிரிவு பண்டிகை நாளிலும் திறந்திருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் கூறுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். சிகிச்சை விரைவாகத் தொடங்க அது உதவும்.

முடிவாக

நாங்கள் கூறிய அந்த நோயாளி மூன்றாம் ஆண்டு அசனத்துக்குச் சென்றார். சனிக்கிழமை டயாலிசிஸை முடித்துக்கொண்டார். மனைவி அருகில் அமர, அளவான சோறும் மூன்று கறித்துண்டுகளும் உண்டார். தம் வாழைத்தாரை ஏலத்தில் வேறொருவர் எடுப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். திங்களன்று பரிசோதித்தபோது அவருடைய பொட்டாசியம் 5.1 ஆக இருந்தது.

சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துத் திருச்சபைக்குக் கொடுக்கும் வழக்கம் அவர் வீட்டில் இருந்தது. தாம் உண்ணாமல் விடும் பங்குக்கு ஈடாக, அவ்வாண்டிலிருந்து இன்னொரு பிடியையும் அவரே தம் கையால் எடுத்து அந்தக் கலயத்தில் போட்டு வந்தார். அந்த அரிசியும் அசனத்தில் வெந்து, முன்பின் அறியாத ஒருவரின் இலைக்குச் சென்றிருக்கும்.

உங்கள் வீட்டு நோயாளியையும் இவ்வாண்டு விருந்துக்கு அழைத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் எங்களை ஒருமுறை கேளுங்கள்.