ரயிலைக் குறைக்கிறாங்களா? தேதியைக் கேளு, வண்டி நம்பரைச் சொல்லு

தங்கச்சி, நம்ம தடத்துல மின்சார ரயிலைக் குறைக்கப் போறாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு அறிவிப்பு சுத்த ஆரம்பிச்சா, உடனே நாலு குரூப்புக்கு அனுப்பாதே. தெற்கு ரயில்வே வெளியிட்டதுதானான்னு பார்த்துட்டு, அது எந்த மாதிரி குறைப்புன்னு கவனி. தண்டவாளப் பராமரிப்புக்காக ரெண்டு ராத்திரி சில வண்டியை நிறுத்தினா அதுக்குச் சண்டை வேண்டாம். அந்த வேலை நடந்தாத்தான் நாம பத்திரமா வீடு வந்து சேர முடியும். மாசக்கணக்குல வண்டியைப் பாதி வழியிலேயே நிறுத்தறதும், புது கால அட்டவணையில ஒரு வண்டி சத்தமில்லாம காணாமப் போறதும் வேற விஷயம். அதுக்குத்தான் நாம வாய் திறக்கணும்.

வேளச்சேரி பறக்கும் ரயில் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவுல நாலாவது பாதை போடறதுக்காக 2023 ஆகஸ்ட் 27-லேருந்து அந்த வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்தினாங்க. 7 மாசத்துல முடியும்னு சொன்னாங்க. மறுபடி கடற்கரை வரைக்கும் வண்டி போனது 2024 அக்டோபர் 29-ல, 14 மாசம் கழிச்சு. மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கத்துலேருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போறவங்க அவ்வளவு நாளும் நடுவுல இறங்கி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ தேட வேண்டியதாப் போச்சு. அந்தப் பாதை தேவைதான், எனக்கு அதுல மறுப்பே இல்லை. ஆனா தேதி தள்ளிப் போனா அந்தச் சுமை முழுக்க பயணி தலையில மட்டும் விழக்கூடாது. அதனால நீ எழுதற முதல் கடிதத்துலயே வேலை எப்போ ஆரம்பிக்குது, எப்போ முடியுது, அதைத் தாண்டினா மாற்று ஏற்பாடு என்னன்னு கேட்டு, எழுத்துல பதில் வாங்கு.

"ரயிலைக் குறைக்காதீங்க"ன்னு மட்டும் எழுதினா, படிக்கிற அதிகாரிக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. எந்த வண்டி வேணும்னு சொல்லு. சென்னை புறநகர் வண்டிக்கெல்லாம் 4-ல ஆரம்பிக்கற அஞ்சு இலக்க நம்பர் உண்டு. அந்த நம்பர், நீ ஏறற ஸ்டேஷன், நேரம், அதை எடுத்துட்டா அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் நிக்கணும், அதனால என்ன போகும்னு (ஷிஃப்ட்டா, காலேஜ் முதல் பீரியடா, டயாலிசிஸுக்குக் கொடுத்த நேரமா) எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுது. இதுக்குத் தகவல் சேர்க்க லேடீஸ் பெட்டியை விட நல்ல இடம் இல்லை. தினமும் அதே முகங்கள்தானே! ஒரு வாரம் ஒரு நோட்டைக் கையோட கொண்டு போ. யார் எங்கே ஏறி எங்கே இறங்கறாங்கன்னு அவங்களையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படற ஒண்ணைச் சொல்றேன். குறைக்கணும்னு வந்தா மதிய வண்டி, ராத்திரி கடைசி வண்டி, ஞாயிற்றுக்கிழமை வண்டி இதுல கை வைக்கறதுதான் சுலபம். கூட்டம் கம்மிங்கற காரணம் தயாரா இருக்கும். ஆனா அந்த வண்டியில வர்றது யாரு? ரங்கநாதன் தெருவுல கடை ஷட்டர் இறக்கின பிறகு மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஓடி வர்ற பொண்ணுங்க. ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் முடிச்ச துப்புரவுப் பணியாளர்கள். ரெண்டு வீட்டு வேலை முடிச்சு மதியம் திரும்பற அக்காக்கள். துணிக்கடைப் பொண்ணுக்கு ஞாயிறும் தேசிய விடுமுறையும்தான் அதிக வேலை இருக்கற நாள். ரயில்வேக்கு அந்த ரெண்டு நாளும் ஞாயிறு அட்டவணை. ராத்திரி வண்டியைத் தவறவிட்டா கூடுவாஞ்சேரிக்கோ திருநின்றவூருக்கோ ஆட்டோ பிடிக்க அவங்க ஒரு நாள் கூலியில பெரும்பங்கு போயிடும். இவங்களுக்கு மனு எழுத நேரமில்லை. நீ ஆபீஸ் நேர வண்டியில போறவளா இருந்தாலும் உன் கடிதத்துல கடைசி வண்டியைச் சேர்த்துக் கேளு. இதை மட்டும் விட்டுடாதே.

கடிதத்தைச் சென்னை கோட்ட ரயில்வே மேலாளருக்கு, டிஆர்எம்னு சொல்றோமே, அவருக்கு அனுப்பு. முதுநிலைக் கோட்ட இயக்க மேலாளருக்கும் ஒரு நகல் போகட்டும், வண்டி ஓட்டம் அவர் பொறுப்பு. 139-லயும் ரயில் மதத் ஆப்லயும் புகார் போட்டு, கிடைக்கற எண்ணைக் கடிதத்துல குறிப்பிடு. கோட்ட அளவுலயும் மண்டல அளவுலயும் ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழுன்னு உண்டு, பயணிகள் சங்கத்துக்காரங்களும் அதுல இருப்பாங்க. உன் ஏரியா உறுப்பினர் யாருன்னு விசாரிச்சு, அடுத்த கூட்டத்துல இதைப் பேசச் சொல்லு.

எம்.பி.க்கு எழுதும்போது உன் தொகுதியோட நிறுத்திடாதே. ஒரே வண்டி பல தொகுதிகளைத் தாண்டி ஓடுது. தாம்பரமும் பல்லாவரமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி, செங்கல்பட்டு காஞ்சிபுரம் தொகுதி, ஆவடி திருவள்ளூர் தொகுதி, வேளச்சேரி தென்சென்னை. ரயில் மத்திய அரசு கையில இருக்கறதால, இவங்க எல்லாரும் நாடாளுமன்றத்துல கேள்வி கேட்கலாம்.

கூட்டம் இல்லைன்னு பதில் வந்தா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போடு. கட்டணம் 10 ரூபாய்தான், ஆன்லைன்லயும் போடலாம். 30 நாளுக்குள்ள பதில் தரணும். உன் ஸ்டேஷன்ல மாசம் எத்தனை டிக்கெட், எத்தனை சீசன் டிக்கெட் போச்சு, நிறுத்தற வண்டியில கணக்கெடுப்பு எப்போ நடந்ததுன்னு கேளு. இதுக்காகவே சொல்றேன், டிக்கெட் எடுக்காம ஏறாதே. கடற்கரையிலேருந்து தாம்பரம் 10 ரூபாய். அதை எடுக்கலேன்னா அந்தக் கணக்குல நீ இல்லவே இல்லை.

கோபத்துல தண்டவாளத்துல உட்காரப் போகாதே. ரயில்வே சட்டம் 174-ஆவது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை கொடுக்கலாம். அரசு வேலைக்குப் படிச்சுக்கிட்டிருக்கற பொண்ணுக்கு வழக்கு ஒண்ணு பேர்ல ஏறினா எவ்வளவு அலையணும்! வண்டி குறைஞ்ச நாள்ல படியில தொங்கறதும் வேண்டாம், அடுத்த வண்டிக்கு நில்லு. வேலைக்கு லேட்டாகும்னா ரயில்வே அறிவிப்பை முன்னாடியே மேனேஜருக்கு அனுப்பி வச்சுடு.

ரயில் நிக்கற நாளுக்கு மாற்று பஸ் கேட்கற இடம் மாநகரப் போக்குவரத்துக் கழகம். 2024 ஆகஸ்ட்ல தாம்பரம் யார்டு வேலை நடந்தப்போ கூடுதல் பஸ் விட்டாங்க, அதனால இது நடக்காத காரியமில்லை. கேட்கும்போது சாதாரணக் கட்டண பஸ்ஸா கேளு. அதுலதான் பெண்கள் நமக்கு இலவசம். டீலக்ஸை விட்டா ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு கொடுக்கணும்.

தண்டவாள வேலை முடிஞ்சு வண்டியெல்லாம் திரும்ப ஓடுதுன்னு செய்தி வந்ததும் பழைய அட்டவணையையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு நம்பரா டிக் பண்ணு. எது வரலையோ, அந்த நம்பரைப் போட்டு அன்னைக்கே அடுத்த கடிதம் எழுது.