பழைய பந்தயக் காருக்கு எடை குறைந்த பேட்டரி: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

1962இல் பிரிட்டனில் வெளிவந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் பேட்டரி எஞ்சினுக்குப் பக்கத்தில் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னே, தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆனது. சார்ஜ் செய்தது ஆல்டர்னேட்டர் அல்ல, லூகாஸ் டைனமோ. பழைய கார் பந்தயங்களில் இன்றும் ஏராளமாக ஓடும் வண்டி இது. பேட்டரி மாற்றும்போது எதிர்ப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரே காரில் வந்துவிடுகின்றன.

எடையை முதலில் கணக்கிட வேண்டும். பழைய ஈய அமில ஜோடி ஏறத்தாழ 20 கிலோ. ஒடிஸி பிசி680 போன்ற சிறிய ஏஜிஎம் பேட்டரி (கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்த ஈய வகை) சுமார் 7 கிலோ. செல்ஃப் அடிக்கப் போதுமான லித்தியம் பேட்டரி 2 முதல் 3 கிலோதான். ஆக, ஏஜிஎம் போட்டாலே 13 கிலோ போய்விடுகிறது. அதற்கு மேல் லித்தியம் மிச்சப்படுத்துவது 4 அல்லது 5 கிலோ. கார் ஏறத்தாழ 900 கிலோ. பந்தயப் பிரிவின் குறைந்தபட்ச எடையைக் கார் ஏற்கெனவே தொட்டிருந்தால், குறைத்த எடையை வேறிடத்தில் பாரமாகத் திரும்ப வைக்க வேண்டும். பாரத்தைத் தாழ்வாக வைக்கலாம் என்பது மட்டுமே அப்போது ஆதாயம். விதிகளையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்ஐஏ-வின் வரலாற்றுக் கார்களுக்கான கே பிற்சேர்க்கையும், உள்ளூர் கிளப்பின் விதிப் புத்தகமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அடுத்தது, காருக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி இழுத்தாலும் செலவு 0.3 ஆம்பியர்-மணிகூட இல்லை. அங்கே வேண்டியது கொள்ளளவு அல்ல, ஒரு கணத்தில் அவ்வளவு ஆம்பியரைத் தரும் திறன். டைனமோவைக் கழற்றிவிட்டு பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் காரில் கணக்கு வேறு. இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், மற்றவை எல்லாம் சேர்ந்து 8 ஆம்பியர் என்று மீட்டர் காட்டினால், அரை மணி நேரப் பந்தயத்துக்கு 4 ஆம்பியர்-மணி போகும். வரிசையில் காத்திருப்பது, முன்னோட்டச் சுற்று, மறுமுறை செல்ஃப் அடிப்பது ஆகியவற்றையும் சேர்த்தால் அதன் இருமடங்காவது வைத்திருப்பது நல்லது. லித்தியம் பேட்டரிகளின் மேல் அச்சிடப்படும் 'ஈயத்துக்குச் சமமான' ஆம்பியர்-மணியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது பெரும்பாலும் உண்மைக் கொள்ளளவின் சுமார் மூன்று மடங்கு. வாட்-மணி எண்ணை 12.8ஆல் வகுத்தால் உண்மை தெரியும். 77 வாட்-மணி என்றால் 6 ஆம்பியர்-மணி, அவ்வளவுதான்.

லித்தியத்தில் பந்தயக் காருக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கோபால்ட் ஆக்சைடு வகையைவிட இது வெப்பத்தை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வுக் குழு 1997இல் வெளியிட்ட பொருள் இது. அதற்கு வழிவகுத்த இரும்பு சல்ஃபேட் ஆய்வுகளை 1980களில் அவருடன் சேர்ந்து செய்தவர், மதுரையில் படித்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் ஆற்றியவரும் அவரே.

இந்தப் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு. ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, மொத்தத்தில் 14.6. பழைய கார்களில் தகராறு தொடங்குவது இங்கேதான். டைனமோவின் ரெகுலேட்டர் துடிக்கும் தொடுமுனைகளால் இயங்குவது. அதன் வரம்பு சூட்டுக்கும் தேய்மானத்துக்கும் ஏற்ப நகரும். ஈய அமிலம் பொறுத்துக்கொள்ளும் மிகையை லித்தியம் பொறுக்காது. லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. அதனால் தீர்ந்த நிலையில் கிடைக்கும் ஆம்பியரையெல்லாம் வாங்கிக்கொள்ளும். 22 ஆம்பியர் டைனமோ வெகுநேரம் முழுச்சுமையில் சூடேறும். ஆல்டர்னேட்டர் உள்ள காரிலும் ஆபத்து உண்டு. மின்னழுத்தம் வரம்பை மீறியதும் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று தொடர்பைத் துண்டித்தால், எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் டயோடுகளையும் எலக்ட்ரானிக் இக்னிஷனையும் கருக்கிவிடும். ஆகவே வாங்கும் முன், எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும், பல வேகங்களில், பேட்டரி முனையில் வோல்ட் அளக்க வேண்டும். 14.2க்கும் 14.6க்கும் இடையில் உறுதியாக நிற்கும் ஆல்டர்னேட்டர் காருக்கும், டைனமோ கழற்றிய காருக்கும் லித்தியம் தகும். பழைய டைனமோ அப்படியே ஓடும் காருக்கு ஏஜிஎம் தான் சரி. மிச்சமுள்ள அந்த 4 கிலோவுக்காக அசல் டைனமோவைப் பணயம் வைப்பது வீண்.

பொருத்தும்போது பாசிட்டிவ் எர்த்தை மறக்கக் கூடாது. முனை மாறினால் காப்புச் சுற்று அந்தக் கணமே போய்விடலாம். பிளாஸ்டிக் பட்டை போதாது. பாடியோடு போல்ட் போட்ட உலோகக் கட்டு வேண்டும், எர்த் ஆகாத முனைக்கு ரப்பர் மூடி வேண்டும். வெளியே, வெள்ளைக் கரையிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்ட கட்-ஆஃப் சுவிட்ச், பேட்டரியோடு இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்து திடீரென விழும். ஈயத்தைப் போலத் தளர்ந்து எச்சரிப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சார்ஜ் செய்வது இதனால்தான். பழைய சார்ஜரின் சல்ஃபேட் நீக்கும் துடிப்பு அதற்கு ஆகாது. லித்தியத்துக்கான சார்ஜரே வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும். சீசன் முடிந்ததும் கழற்றி, பாதிக்குச் சற்று மேல் சார்ஜில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.